பயிற்சியில் 11 கருவி கற்றுக்கொண்டோம், வகுப்பில் எதை வைத்து எந்தப் பாடம் நடத்துவது?

தென்கடல்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் புதுமடத்துக்கும் இடையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இணையக் கருவிகளை வகுப்பில் பயன்படுத்துவது பற்றிப் போன மாதம் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன். அதிலிருந்து ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

குளிர்சாதன அறை, நல்ல வைஃபை, 40 ஆசிரியர்கள், 40 ஸ்மார்ட்ஃபோன். கஹூட்டில் வினாடி வினா நடத்தினார்கள், நாங்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி போட்டி போட்டு அழுத்தினோம், நன்றாகத்தான் இருந்தது. பிறகு பேட்லெட், மென்டிமீட்டர், கேன்வா, கூகுள் ஃபார்ம் என்று இரண்டு நாளில் 11 கருவிகள், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கணக்குத் தொடங்கினோம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டோம், வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான். பிள்ளைக்கு இந்தப் பாடம் எந்த இடத்தில் புரியாமல் நிற்கிறது, அந்த இடத்தில் இந்தக் கருவி என்ன செய்யும் என்று ஒரே ஒரு பாடத்தையாவது தொடக்கம் முதல் கடைசி வரை நடத்திக் காட்டியிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன்.

என் வகுப்பில் 27 பேர். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், அப்புறம் என் ஃபோன். பிள்ளைகள் ஃபோன் கொண்டுவரக் கூடாது. கொண்டுவரச் சொன்னாலும் பாதி வீடுகளில் ஒரே ஃபோன்தான் இருக்கும், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பள்ளி வாசலில் நிற்கிற பூவரச மரத்தடியில் சிக்னல் இரண்டு கோடு காட்டும், வகுப்புக்குள் வந்தால் அதுவும் போய்விடும்.

இணையத்தால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பருவக்காற்றுப் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் ஒரே தவறைச் செய்வார்கள். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் வடகிழக்கை நோக்கி அம்புக்குறி போடுவார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர்தான் அதற்கு என்று எத்தனை முறை சொன்னாலும் பரீட்சையில் அம்பு திரும்பிவிடும். அன்று காலை வீட்டிலேயே, காற்றின் ஓட்டத்தை நிலப்படத்தில் காட்டுகிற விண்டி தளத்தைத் திறந்து, வங்காள விரிகுடாவிலிருந்து பாக் நீரிணை வழியாகக் காற்று இறங்குவதை ஃபோன் திரையில் இரண்டு நிமிடம் பதிவு செய்து எடுத்துப் போனேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் அதைப் போட்டதும் வெள்ளைக் கோடுகள் வடகிழக்கிலிருந்து நெருக்கிக்கொண்டு இறங்கி வந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்து சுவரில் பாம்பன் இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள், அவள் கை நிழல் பாதி கடலை மறைத்தது. "டீச்சர், இது வாடை. இது அடிச்சா வடகடல் கலங்கிப் போய்க் கிடக்கும், எங்கப்பா தென்கடலுக்குத்தான் போவாரு" என்றாள். வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவை வடகடல் என்றும் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். பின்னால் இருந்து ஒரு பையன் "அப்ப கச்சானைப் போடுங்க டீச்சர்" என்று கேட்டான். ஆடி மாதக் காற்று என்னிடம் இல்லை. அதற்காகவே ஜூலை வரை காத்திருந்து பதிவு செய்தேன், இந்த வருடம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சானில் தென்கடல் கொந்தளிக்கிறது, வடகடல் அடங்கிக் கிடக்கிறது. ஒருவரும் அம்பைத் திருப்பிப் போடவில்லை.

இதைப் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த பதினொன்றில் எதையும் நான் இன்னும் வகுப்பில் தொடவில்லை. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கருவிப் பட்டியல் வேண்டாம், எந்தப் பாடம், எந்த இடத்தில் தட்டுகிறது, என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.


பழைய_சாக்பீஸ்

டீச்சர், நான் திருப்பாலைக்குடிப் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பாடத்தை நடத்தியது விண்டியா, அந்தப் பெண்ணா என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஒரு துண்டை உயர்த்திப் பிடித்திருந்தாலே காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு காற்றும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு நடக்கும் வயதிலேயே தெரியும். அதைக் கேட்டு வாங்க ஒரு வாத்தியார் வேண்டும், அதற்கு கரண்ட் எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். பள்ளிக்குப் பெட்டி பெட்டியாக அறிவியல் கருவிகள், கணக்குக் கருவிகள், நிலப்படங்கள் எல்லாம் வந்தன. எங்கள் பள்ளியில் அவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது? தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார். பல வருடம் கழித்துத் திறந்தபோது காந்தம் காந்தமாக இல்லை, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்பதால் அப்படி நடக்கவில்லை, அத்தனை பேரும் பயந்துபோய் இருந்தார்கள். அந்தப் பயம் இப்போதும் போகவில்லை என்று எனக்குத் தெரிகிறது. மடிக்கணினியும் கைக்கணினியும் எத்தனை பள்ளியில் உறை பிரிக்காமல் இருக்கின்றன என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.


தென்கடல்_டீச்சர்

ஐயா, துண்டு விஷயம் சரிதான், அதையும் செய்தோம். ஆனால் துண்டு எங்கள் பள்ளி வாசலில் வீசுகிற காற்றை மட்டும்தான் காட்டும். அதே காற்று எங்கேயோ வங்காள விரிகுடா மேல் கிளம்பி, ஈரத்தைத் தூக்கிக்கொண்டு நம் கரையில் ஏறுகிறது, அதனால்தான் நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை என்பதைப் பிள்ளை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்றால் துண்டு போதாது. இருக்கிற இடத்தில் நின்று பார்க்க முடியாததைக் காட்டுவதற்கு மட்டும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நீங்கள் சொல்வது போல அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் கொடுத்ததுதான்.

பீரோ விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. எங்கள் பள்ளியிலேயே புரொஜெக்டர் பல்பு போய்விடும் என்று ஒரு வருடம் தொடாமல் வைத்திருந்தோம்.


கணக்கு_சாயல்குடி

பாடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியல். கோபுரத்தின் உயரம், கலங்கரை விளக்கத்தின் உயரம் என்று கணக்குகள் வரும், பையன்கள் சூத்திரத்தில் போட்டு விடை எடுத்துவிடுவார்கள், ஆனால் கோணம் கூடக் கூட கொசைன் ஏன் குறைகிறது, அதுவும் ஏன் ஒரே சீராகக் குறையாமல் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் குறைகிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

நான் பாம்பன் பாலத்தை எடுத்துக்கொண்டேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் ஷெர்சர் தூக்குப் பகுதி, இரண்டு கையும் இரண்டு பக்கமும் மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிட்டன, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இராமேஸ்வரம் போகும்போது ரோட்டுப் பாலத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்கள். ஜியோஜீப்ரா என்கிற கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு கையையும் ஒரு கோடாக வரைந்து, கோணத்துக்கு ஒரு நகர்த்தி வைத்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. நகர்த்தியைத் தொடும் முன்னால் ஒரு கேள்வி: "பாதி வழி திறக்க வேண்டும் என்றால் கை எத்தனை டிகிரி எழும்ப வேண்டும்?" 32 பேரில் 29 பேர் 45 என்றார்கள். 90இல் பாதி 45, அவர்கள் கணக்கு அப்படி. ஒரு பையனைக் கூப்பிட்டு 45க்கு நகர்த்தச் சொன்னேன். வழி 29 சதவீதம்தான் திறந்திருந்தது. வகுப்பில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள். அவனே மெதுவாக நகர்த்திக்கொண்டு போய் 60இல் நிறுத்தினான், சரியாகப் பாதி. "அப்ப கொசைன் 60 அரை" என்று முதல் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். இத்தனை நாளாக மனப்பாடம் செய்த அட்டவணை அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு பொருளாகத் தெரிந்தது.

அப்புறம் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நேராக மேலே தூக்கப்படுகிறது, அதற்குக் கோணமே தேவையில்லை, ஏன் இப்படி மாற்றினார்கள் என்று பேச்சு வேறு பக்கம் போய் மணி அடித்துவிட்டது. நல்ல வகுப்பு.

ஜியோஜீப்ரா 2001இல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹன்வார்டர் என்பவர் தொடங்கியது, இலவசம், கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். எனக்கும் ஒரு பயிற்சியில் இதைக் காட்டினார்கள். மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம். பாலத்தை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தைக் குறைப்பதற்குத்தானே பயிற்சி என்று ஒன்று வைக்கிறோம்?


வட்டார_பயிற்றுநர்

நான் ஆசிரியர் பயிற்றுநர். நீங்கள் சொல்கிற மாதிரிப் பயிற்சிகளில் கருத்தாளராக நின்றவன், அதனால் நேராகப் பேசுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கும் ஒரு நாள் இரண்டு நாள்தான் பயிற்சி கிடைக்கும். அதில் பார்த்ததை அப்படியே இறக்கி வட்டார அளவில் நடத்த வேண்டும். அறையில் தமிழாசிரியர், கணக்கு, அறிவியல், ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் பொதுவாக எதைச் சொல்வது? கருவியைத்தான் சொல்ல முடியும், பாடத்தைச் சொன்னால் நாலில் மூன்று பேருக்கு அது தங்கள் பாடம் இல்லை. இது சாக்கு இல்லை, நடப்பு இப்படித்தான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் சரியான இடம். லீ ஷுல்மன் 1986இலேயே சொல்லிவிட்டார், பாட அறிவு ஒன்று, கற்பிக்கும் முறை ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் போதாது, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டும் கலந்த ஓர் அறிவு ஆசிரியருக்கு மட்டும் உண்டு என்று. புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்து எழுதினார்கள். பி.எட். பாடத்தில் மூன்று வட்டம் ஒன்றையொன்று வெட்டுகிற படமாக வரும், எல்லோரும் வரைந்து மதிப்பெண் வாங்கியிருப்போம். நடுவில் மூன்றும் சேர்கிற இடம்தான் கணக்கு சாரின் பாலம். நாங்கள் பயிற்சியில் தொழில்நுட்ப வட்டத்தை மட்டும் தனியாக எடுத்து நடத்துகிறோம்.

பெரியவர் ஐயா சொன்ன பயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். பள்ளிகளுக்குப் போகும்போது நான் பார்த்தது, அதை அஞ்சாமல் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எடுப்பதைப் பார்த்து எடுக்கிறவர்கள். பயிற்சி அறையில் என்னைப் பார்த்து யாருக்கும் பயம் போனதாக நினைவில்லை.


பிஎட்_பாம்பன்

வணக்கம் டீச்சர், சார். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு. அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போனபோது தாவர உலகம் பாடத்தில் பாசிகள் எனக்கு வந்தன. நான் முதலில் தயாரித்தது கேன்வாவில் 18 பக்கம், பச்சைப் பாசி, பழுப்புப் பாசி, சிவப்புப் பாசி, படம், பெயர், பயன். அம்மாவிடம் மடிக்கணினியில் காட்டினேன். அம்மா ஒரு படத்தில் நிறுத்தி "இது நம்ம கட்டக்கோரைல்ல, இதுக்கு ஏன் வேற பேரு போட்டுருக்க" என்றார். அது சர்காசம். ஜெலிடியெல்லா என்று நான் எழுதியிருந்தது மரிக்கொழுந்து, கிராசிலேரியா என்பது கஞ்சிப்பாசி. நான் பிறந்ததிலிருந்து வீட்டு வாசலில் காய்ந்துகிடந்த பாசிகள், எனக்கே அது புத்தகத்துப் பெயரோடு சேரவில்லை என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு எப்படிச் சேரும்?

மறுநாள் 18 பக்கத்தையும் விட்டுவிட்டு அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த மூன்று பாசியைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் முகர்ந்து பார்த்தார்கள், கட்டக்கோரையில் மிளகு மிளகாக இருக்கிற குமிழை நசுக்கினார்கள், உள்ளே காற்றுதான் இருந்தது. "இது எதுக்கு மிஸ்?" என்று கேட்டார்கள். அந்த இடத்தில்தான் இணையம் வந்தது. முந்தின இரவே இறக்கி வைத்திருந்த ஒரு நிமிடக் காணொலி, கடலடியில் கட்டக்கோரை நிமிர்ந்து நின்று ஆடுகிறது, அந்தக் காற்றுக் குமிழ்கள்தான் அதை வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடிக்கின்றன. கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மட்டும்தான் முடியும். "எங்கம்மா பாக்குறது இதுதானா மிஸ்" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பிறகு மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள், ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதற்குக்கூட இது சேர்கிறது என்று சொன்னேன். அம்மாக்கள் விற்கிற பாசி எங்கே போகிறது என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஆனால் என்னைப் பார்வையிட வந்தவர் குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமா, தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு குறைவு என்று. 18 பக்கத்தையும் ஓட்டியிருந்தால் மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.


பழைய_சாக்பீஸ்

மகளே, அந்தக் குறிப்பை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் 34 வருடம் வகுப்பெடுத்தவன், அந்த ஒரு நிமிடக் காணொலியை நான் பார்வையிட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பேன். முதல் பதிவில் கரண்ட் எதற்கு என்று கேட்டேன், அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். கையில் பாசி, அது முடிந்த பிறகு திரை. அந்த வரிசையில் வந்தால் எனக்கு மறுப்பு இல்லை.


கீழக்கரை_இங்கிலீஷ்

பாம்பன் தங்கச்சி, நோன்பு மாதத்தில் எங்கள் வீடுகளில் கடல்பாசி இனிப்புச் செய்வோம், தேங்காய்ப்பால் ஊற்றி. பாம்பன் தங்கச்சியின் அம்மா எடுக்கிற பாசிக்கும் எங்கள் வீட்டுத் தட்டுக்கும் இருக்கிற சொந்தம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் வகுப்பில் சொல்லப் போகிறேன்.

கஹூட் பற்றி டீச்சர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் கையில் ஃபோன் இல்லாத வகுப்புக்கு பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு அட்டை, காகிதத்தில் அச்சடித்து எண்ணிட்டுக் கொடுத்துவிட வேண்டும். கட்டம் கட்டமாக ஓர் உருவம் இருக்கும், அட்டையை எந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை, நாலு பக்கம் நாலு விடை. நான் என் ஃபோன் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் யார் என்ன விடை என்று வந்துவிடும். என் ஃபோனுக்கு மட்டும் நெட் இருந்தால் போதும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது, ஒவ்வொரு அட்டையும் வேறு உருவம்.

எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் ஒருத்தி, கேள்வி கேட்டால் தலை குனிந்துவிடுவாள், தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இறந்தகால வினைச்சொற்களில் பத்துக்கு ஒன்பது சரியாகப் பிடித்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவளிடம் முதலில் அட்டையில் கேட்டுவிட்டு, விடை சரி என்று தெரிந்த பிறகுதான் வாயால் சொல்லச் சொல்வேன். இப்போது சொல்கிறாள்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். இந்தத் தளங்களில் பிள்ளைகளின் முழுப் பெயர், படம், ஊர் எதையும் ஏற்றாதீர்கள். நான் வரிசை எண் மட்டும்தான் போடுகிறேன். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வகுப்பில் பிள்ளைகள் பாடுகிற காணொலியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பயிற்சிகளில் இதைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசி நான் கேட்டதில்லை.


லேப்_தொண்டி

நான் உயர்நிலைப் பள்ளி ஹைடெக் லேப் பார்த்துக்கொள்கிறவன். நெட் இல்லை என்பதற்கு வழி இருக்கிறது, நெட் இருக்கிற இடத்தில் இறக்கிக்கொண்டு போவதுதான் அது. ஒரு 64 ஜிபி பென்டிரைவ் போதும்.

ஃபெட் என்கிற அறிவியல் உருவகங்கள், அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கிறவை, 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் தொடங்கியது, அவர் இயற்பியலில் நோபல் வாங்கியவர். ஒவ்வொரு உருவகமும் தனிக் கோப்பாக இறங்கும், பிரௌசரில் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும், சில உருவகங்கள் தமிழிலும் இருக்கின்றன. மிதத்தல் பற்றிய உருவகம் நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும், வத்தையில், அதாவது சின்னப் படகில், ஐஸ் பெட்டி ஏற்றினால் எவ்வளவு இறங்கும் என்று அவர்களே வாதாடுவார்கள். கிவிக்ஸ் என்று ஒரு செயலி, தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பாடநூலில் 2018 முதல் இருக்கிற கியூஆர் கோடுகளின் காணொலிகளையும் திக்ஷா செயலியில் முன்னாடியே இறக்கி வைத்தால் வகுப்பில் சுற்றிக்கொண்டு நிற்காது. தமிழக அரசின் மணற்கேணி செயலியில் ஆறாம் வகுப்பு முதல் பாடக் காணொலிகள் இருக்கின்றன.

இதெல்லாம் சரி, நம் கரையில் யாரும் பேசாத எதிரி ஒன்று இருக்கிறது, உப்புக்காற்று. மதுரையில் ஐந்து வருடம் வருகிற யூஎஸ்பி துளை இங்கே இரண்டு வருடத்தில் பச்சை பூத்துவிடும். பொருளைப் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பது நம் ஊருக்குப் பொருந்தாது, ஓடுகிற கணினி சூட்டில் காய்ந்துகொண்டே இருக்கும், பூட்டி வைத்ததுதான் முதலில் அரிக்கும். நான் வாரம் இரண்டு முறையாவது எல்லாக் கணினியையும் ஒரு மணி நேரம் போட்டு வைப்பேன். யுபிஎஸ் பேட்டரி முனையில் வாசலின் தடவுவேன். கடல் பக்கத்து ஜன்னலை மாலையில் சாத்திவிட வேண்டும். கீபோர்டுக்குத் துணி உறை தைத்தது எங்கள் பள்ளி சத்துணவு அக்கா. பெரியவர் ஐயா, உங்கள் பீரோவில் காந்தம் போனதற்கும் உப்புக்குப் பங்கு இருந்திருக்கும்.


பழைய_சாக்பீஸ்

தம்பி, பூட்டி வைத்ததுதான் முதலில் அரிக்கும் என்பதை ஒவ்வொரு பள்ளிப் பீரோவிலும் எழுதி ஒட்ட வேண்டும். தலைமை ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி வைக்கிறவர்கள் இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். பயன்பாட்டில் சேதமானது என்று பதிவேட்டில் எழுத இடம் இருக்கிறது, அதற்கான துணிவு வேண்டும், நான் காலம் கடந்துதான் அதைக் கற்றுக்கொண்டேன்.


தென்கடல்_டீச்சர்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது, பயிற்றுநர் சாரிடம் கேட்கிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் கருவி அறிமுகம் எதுவும் வேண்டாம். வைஃபையை அணைத்துவிடுவோம். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், ஒரு ஃபோன். நாங்கள் பிள்ளைகளாக உட்காருகிறோம், ஒரு ஆசிரியர் ஒரு பாடத்தை 40 நிமிடம் நடத்தட்டும். முடிந்ததும் எந்த இடத்தில் திரை உதவியது, எந்த இடத்தில் இடைஞ்சலாக இருந்தது என்று பேசுவோம். இரண்டாவது வேறு பாடம். ஒரு நாளைக்கு இரண்டு பாடம் போதும். கணக்குப் பாடத்தைப் பார்த்தால் அறிவியல் ஆசிரியருக்குப் பயன் இருக்காது என்று நான் இப்போது நம்பவில்லை சார், அந்தப் பாலத்தைப் படித்ததிலிருந்து தனுஷ்கோடிக்கு அதே மாதிரி ஒன்று செய்யலாமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துச் செயற்கைக்கோள் படங்களைத் தள்ளிப் பார்த்தேன், அரிச்சல்முனையில் மணல் திட்டு வருடத்துக்கு வருடம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது, 2017இல் ரோடு வருவதற்கு முன்னும் பின்னும் பார்க்கலாம். எதைக் கேட்டுத் தொடங்குவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.


கணக்கு_சாயல்குடி

டீச்சர், படத்தைக் காட்டும் முன்னால் போன வருடத்துக் கரையை ஒரு தாளில் வரையச் சொல்லி, அடுத்த வருடம் எங்கே இருக்கும் என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்தவன் கண் திரையை விட்டு நகராது. 45 டிகிரி என்று சொன்னவர்கள்தான் என் வகுப்பில் கடைசி வரை விழித்திருந்தார்கள்.


வட்டார_பயிற்றுநர்

சரி, செய்வோம். மேலிடத்தில் கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன், நிகழ்ச்சி நிரலில் பிற்பகலை முழுதாக ஒதுக்கிவிடுகிறேன். முதல் பாடம் கணக்கு சாரின் பாலம், வர முடியுமா? சாயல்குடியிலிருந்து தூரம்தான், பயணத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்கிறேன். இரண்டாவது பாசி. பாம்பன் தங்கச்சி இன்னும் மாணவிதான், ஆசிரியர்கள் முன்னால் நடத்தத் தயங்க வேண்டாம், நாங்கள் எட்டாம் வகுப்பாக உட்காருகிறோம். பெரியவர் ஐயா பின் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்வையிட வேண்டும். லேப் சார் பென்டிரைவைக் கொண்டுவாருங்கள், இறக்கியதை அன்றே எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்துவிடுவோம்.

நான் அன்று கருத்தாளராக நிற்கப் போவதில்லை, நானும் பெஞ்சில்தான்.


லேப்_தொண்டி

பென்டிரைவ் இரண்டு கொண்டுவருகிறேன். புரொஜெக்டர் வயரும் நீட்டிப்புப் பெட்டியும் என்னுடையது, அங்கே இருப்பதை நம்ப வேண்டாம்.


பிஎட்_பாம்பன்

வருகிறேன் சார். ஒரு வேண்டுகோள், தேதியை அமாவாசைக்கு அடுத்த இரண்டு நாளில் வையுங்கள். அந்த நாட்களில்தான் அம்மா பாசிக்குப் போவார், காலையில் எடுத்தது அப்படியே மதியம் கிடைக்கும். காய்ந்ததைக் காட்டினால் குமிழ் நசுங்காது. அம்மாவையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன், முதலில் சிரித்தார், அப்புறம் எத்தனை டீச்சர் வருவாங்க என்று கேட்டார். 30 பேர் என்றேன். அப்படியானால் பெரிய சாக்கில் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.